செரிக்கலைன்னு கேட்டு வருகிறவர்கள்

பெண்ணாடத்தில் என் மருந்துக்கடைக்குக் காலையில் வருகிறவர்கள் டாக்டர் சீட்டோடு வருவார்கள். சாயங்காலம் வருகிறவர்கள் வாய்ச்சொல்லோடு வருவார்கள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அகல் விளக்குக்கும் பொம்மைக்கும் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிற பெண்கள், இறையூர் பக்கம் கரும்பு வெட்டிவிட்டு வருகிறவர்கள், வெள்ளாற்றங்கரை ஊர்களுக்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டியவர்கள். பகலெல்லாம் பிள்ளை ஆயாவிடம் இருந்திருக்கும். ஆயா போனில் சொன்னதை அந்த அம்மா அப்படியே என்னிடம் சொல்வாள்.

"புள்ளைக்குச் செரிக்கலண்ணே. காலையிலேர்ந்து ஒரு வாய் சோறு எடுக்கலையாம். செரிக்கிற சொட்டு மருந்து ஒண்ணு குடுங்க."

சீட்டில்லாமல் வருகிறவர்கள் குழந்தைகளுக்கென்று அதிகம் கேட்பது இதைத்தான். அடுத்த இடம் "வயித்தால போவுது, அந்தச் சின்னக் குப்பி குடுங்க" என்பதற்கு. முதலாவது என்சைம், அதாவது செரிமான நொதி. இரண்டாவது புரோபயாடிக், அதாவது நல்லது செய்யும் உயிருள்ள கிருமி. இரண்டுமே கெட்ட மருந்தல்ல. இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை உண்டு. ஆனால் கேட்டு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த வேலை இல்லை. அவர்களுக்குத் தேவையானது வேறு, விலை குறைந்தது, அதைக் கேட்பவர்கள்தான் குறைவு. மருந்தாளுநராக இந்தக் கவுண்டரில் நின்று நான் கற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

சொட்டு மருந்துப் புட்டியின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஆல்ஃபா அமைலேஸ் என்று ஒன்று இருக்கும், மாவுச்சத்தை உடைப்பது. பப்பாயின் என்று ஒன்று. பப்பாளிப் பாலிலிருந்து எடுப்பது, புரதத்தை உடைப்பது. கூடவே சதகுப்பை எண்ணெய், சோம்பு எண்ணெய். பெரியவர்கள் சிரப்பில் ஃபங்கல் டயஸ்டேஸ் என்று போட்டிருக்கும். அது ஜப்பான்காரர் ஜோகிச்சி தகாமினே வழியாக வந்தது. சோயா சாஸுக்குப் பயன்படுத்தும் பூஞ்சையைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, அதிலிருந்து மாவை உடைக்கும் பொருளைப் பிரித்து 1894-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். நூறு வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருக்கும் சரக்கு. மரபுள்ள மருந்து என்பதில் சந்தேகமில்லை. கேள்வி அதுவல்ல. நம் கையிலிருக்கும் பத்து மாதப் பிள்ளைக்கு அந்த அமைலேஸ் குறைந்திருக்கிறதா என்பதே கேள்வி.

பிறந்த குழந்தையின் கணையத்தில் அமைலேஸ் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். நாலு, ஆறு மாதத்துக்குப் பிறகுதான் மெல்ல ஏறும். இதைக் கேட்டதும் "பாத்தீங்களா, அதுக்குத்தான் சொட்டு மருந்து" என்று தோன்றும். ஆனால் அந்த வயதில் பிள்ளை குடிப்பது பால். பாலில் மாவுச்சத்து இல்லை. தாய்ப்பாலிலேயே அமைலேஸும் இருக்கிறது, கொழுப்பை உடைக்கும் லைப்பேஸும் இருக்கிறது. பிள்ளையின் உமிழ்நீரிலும் அமைலேஸ் உண்டு. ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று கிராம சுகாதாரச் செவிலியர் சொல்வது இந்தக் கணக்கோடு ஒத்துப் போகிறது. மூன்று மாதத்தில் அரிசிக் கஞ்சியை ஊட்டிவிட்டு, வயிறு உப்புகிறது என்று என்சைம் கேட்டு வருகிற வீட்டில் கஞ்சியை நிறுத்தினால் போதும்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கதை வேறு. மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை முதல் வருஷத்தில் ஒன்பது கிலோவைத் தொட்டுவிடும். இரண்டாவது வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் மெதுவாகும். அதே நேரத்தில் பிள்ளை நடக்கக் கற்றுக்கொண்டு தெருவுக்கு ஓடும். ஆயா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவாள். பால் கேட்டால் பால், பிஸ்கட் கேட்டால் பிஸ்கட் என்று கொடுத்துவிட்டு, மதியம் சோறு இறங்கவில்லை என்று கவலைப்படுவாள். நான் மருந்தை எடுப்பதற்கு முன்னால் கேட்பது: "இன்னைக்கு எத்தனை டம்ளர் பால் குடிச்சான்? கடையில வாங்கின பாக்கெட் என்ன சாப்பிட்டான்? அங்கன்வாடியில எடை போட்ட அட்டை இருக்கா?" அட்டையில் கோடு ஏறிக்கொண்டு போனால் பிள்ளைக்குச் செரிக்கிறது. ஏறாமல் படுத்துவிட்டால் சொட்டு மருந்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. பூச்சியா, ரத்தசோகையா, வேறு நோயா என்று குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும்.

என்சைம் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதி வீடுகளில் அப்படியே உட்கார்ந்திருக்கிற ஒரு அமைலேஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வராது. முளைகட்டிய கேழ்வரகு.

பிள்ளையின் வயிறு சின்னது. கிலோவுக்கு முப்பது மில்லி என்று கணக்கு வைத்தால் எட்டுக் கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 240 மில்லிதான் பிடிக்கும். அதற்குள் கஞ்சி கெட்டியாக இருந்தால் விழுங்க முடியாது. தண்ணீர் ஊற்றி நீர்க்கக் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. இந்தச் சிக்கலுக்கு 1980-களில் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் டாக்டர் தாரா கோபால்தாஸ் ஒரு வழி காட்டினார். தானியத்தை முளைகட்டி, காயவைத்து அரைத்த மாவில் கொஞ்சம் எடுத்துக் கெட்டிக் கஞ்சியில் போட்டுக் கலக்கினால், முளையில் ஊறியிருக்கும் அமைலேஸ் மாவை உடைத்துக் கஞ்சியை இளக்கிவிடும். தண்ணீர் சேர்க்கவில்லை, மாவும் குறையவில்லை, ஆனால் பிள்ளையால் குடிக்க முடிகிறது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்திலும் கேழ்வரகு முளைமாவை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரி இதை அடுப்படியில் செய்து காட்டுவாள். கேழ்வரகை ராத்திரி ஊறவைத்து, காலையில் வடித்துத் துணியில் கட்டி வைக்க வேண்டும். வெள்ளையாக முளை தலைகாட்டியதும் நிழலில் உலர்த்தி, இளஞ்சூட்டில் லேசாகப் புரட்டி எடுத்து, முளையைத் தேய்த்து உதிர்த்து, அரைத்துச் சலிக்க வேண்டும். வாசனைக்காகச் சிவக்க வறுத்துவிட்டால் அமைலேஸ் செத்துவிடும். அங்கேதான் பலர் வீட்டில் வீணாகிறது. பிறகு அரிசி, பருப்புக் கஞ்சியைக் கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கொஞ்சம் சூடு ஆறியதும் இந்த மாவில் ஒரு ஸ்பூன் போட்டுக் கிண்டுவாள். முதலில் ஒன்றும் தெரியாது. கிண்டக் கிண்டக் கரண்டியின் கனம் குறையும். சில நிமிஷத்தில் தூக்கினால் கரண்டியிலிருந்து கஞ்சி நூலாக ஒழுகும். ஒழுகியதும் திரும்ப ஒரு கொதி விட்டு ஆற்றிக் கொடுக்க வேண்டும். முளைகட்டும் தானியத்தில் கிருமி சேர்ந்திருக்க வாய்ப்புண்டு, அதற்காக. இதைப் பார்த்த தாய்மார்கள் மறுபடி வந்து சொட்டு மருந்து கேட்பதில்லை. புட்டிக்குள்ளே இருக்கும் அமைலேஸ் பிள்ளை வயிற்றில் போய் என்ன செய்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. கிண்ணத்தில் இருப்பது கண்ணெதிரே வேலை செய்கிறது.

என்சைம் உயிர் காக்கும் மருந்தாக இருக்கும் இடமும் உண்டு. சுற்றுக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தகப்பன் பிள்ளைக்குச் செரிமான மருந்து கேட்டு அடிக்கடி வருவார். பிள்ளை நன்றாகச் சாப்பிடும், ஆனால் எலும்பும் தோலுமாக இருக்கும், மாறி மாறிச் சளி. மலம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். எண்ணெய் மிதக்கும், நாற்றம் தாங்காது என்றார். முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கும் என்று அவர் மனைவி சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். ஜிப்மருக்குப் போகச் சொன்னேன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று தெரிந்தது. கணையத்திலிருந்து நொதிகள் குடலுக்கு வரும் வழியே அடைபட்டிருக்கும் பிறவி நோய் அது. அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு சாப்பாட்டோடும் கணைய நொதி காப்ஸ்யூல் வேண்டும். அதைத் திறந்து உள்ளேயிருக்கும் சின்ன மணிகளைப் புளிப்பான, மெத்தென்ற உணவில் ஒரு ஸ்பூனில் கலந்து, மெல்லாமல் விழுங்க வைக்க வேண்டும். அளவைக் குழந்தை மருத்துவர்தான் எடைக்கும் கொழுப்புக்கும் ஏற்ப முடிவு செய்வார். கவுண்டரில் விற்கிற பப்பாயின் சொட்டு இந்தப் பிள்ளையைக் காப்பாற்றாது. அது பசிக்கு மருந்து என்று நம்பி மாதக்கணக்கில் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பதன் ஆபத்து இதுதான், உண்மையான நோய் அந்த மறைவில் வளரும்.

இனி வயிற்றுப்போக்கு. கோடையில் தண்ணீர் குறையும்போதும், முதல் மழை பெய்து குழாயில் கலங்கல் வரும்போதும் கடை நிரம்பிவிடும். எல்லார் வாயிலும் புரோபயாடிக்தான். பிளாஸ்டிக் குப்பியில் ஐந்து மில்லி, அதில் பேசிலஸ் கிளாசி என்னும் பாக்டீரியாவின் 200 கோடி விதைமணிகள். பவுடர் பாக்கெட்டில் சாக்கரோமைசிஸ் புலார்டி என்னும் ஈஸ்ட். இந்த ஈஸ்டுக்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது: 1920-களில் இந்தோசீனாவில் காலரா பரவியபோது, அங்கே சிலர் லிச்சி, மங்குஸ்தான் தோலைக் கொதிக்கவைத்துக் குடித்துப் பிழைப்பதைப் பார்த்து ஹென்ரி புலார் என்ற பிரெஞ்சுக்காரர் பிரித்தெடுத்தது அது.

ஆனால் பிள்ளை வயிற்றுப்போக்கில் சாவது நல்ல பாக்டீரியா குறைந்ததால் அல்ல, தண்ணீரும் உப்பும் வற்றிப்போவதால். 1971-இல் வங்கதேசப் போரின்போது பங்கான் அகதி முகாமில் காலராவில் ஜனங்கள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் அளந்து பொட்டலமாகக் கட்டவைத்து, டிரம்மில் கரைத்து, கூட இருந்த உறவினர்களையே டம்ளரில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் நான்கு பேருக்கும் குறைவாக அது இறங்கியது. இதற்குக் காரணம் குடல் சுவரில் இருக்கும் ஒரு வாசல். குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகும், தண்ணீர் பின்னாலேயே போகும். எவ்வளவு பேதியாகிக்கொண்டிருந்தாலும் இந்த வாசல் மூடுவதில்லை. 2022-இல் அவர் இறந்தார். மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். இந்த மனிதரின் பெயர் ஒவ்வொரு மருந்துக்கடையிலும் எழுதி மாட்டப்பட வேண்டும் என்பது என் ஆசை.

இப்போதைய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் மொத்தம் 20.5 கிராம்: உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. இது ஒரு லிட்டர் தண்ணீருக்கு. இந்த "ஒரு லிட்டர்" என்பதில்தான் வீட்டில் தவறு நடக்கிறது. பாக்கெட்டில் கொஞ்சம் எடுத்து டம்ளரில் போட்டுக் கொடுப்பார்கள், மீதியை மடித்து வைப்பார்கள். ஒரு டம்ளரில் அதிகம் விழுந்தால் உப்பு கூடிப்போகும், குறைந்தால் பயனில்லை. அதனால் கடையில் காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு, முழுப் பாக்கெட்டையும் எப்படிக் கொட்டுவது, எந்த இடம் வரை தண்ணீர் என்று கையில் கொடுத்தே காட்டுகிறேன். காய்ச்சி ஆறிய தண்ணீர். கலக்கிய பிறகு 24 மணி நேரம், அதற்கு மேல் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் என்றால் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. சோறும் நிறுத்தக் கூடாது.

அடுத்தது ஜிங்க் மாத்திரை, 20 மில்லிகிராம். இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை பாதி, அதற்கு மேல் முழுசு. ஸ்பூனில் தாய்ப்பாலையோ தண்ணீரையோ விட்டால் தானே கரையும். 14 நாள். மூன்றாம் நாள் பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். முழுசாகக் கொடுத்தால் அடுத்த இரண்டு, மூன்று மாதத்துக்குத் திரும்ப வருவது குறையும் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்; கடையில் வாங்கினாலும் புரோபயாடிக்கைவிட எவ்வளவோ மலிவு. கவுண்டருக்கு இதில் கிடைப்பது சில ரூபாய். புரோபயாடிக்கிலோ பத்துக்கு இத்தனை இலவசம் என்று கம்பெனிப் பிரதிநிதிகள் கணக்குச் சொல்வார்கள். இந்த வித்தியாசம் வாங்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அப்படியென்றால் புரோபயாடிக்கே வேண்டாமா என்று கேட்பார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. 2018-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றாக வந்தன. அமெரிக்காவில் 971 பிள்ளைகள், கனடாவில் 886 பிள்ளைகள், எல்லாரும் நாலு வயதுக்குட்பட்டவர்கள், வயிற்றுப்போக்கோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள். ஐந்து நாள் புரோபயாடிக் கொடுத்ததிலும் வெறும் மாவைக் கொடுத்ததிலும் வித்தியாசமில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் அவர்களைப் போல அல்ல என்பதும் உண்மை. வேலூர் சி.எம்.சி. ஆய்வில் 124 பிள்ளைகளுக்கு லாக்டோபேசிலஸ் ஜிஜி வகையை நாலு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, ரோட்டா வைரஸ் தாக்கிய பிள்ளைகளுக்குப் பேதி திரும்ப வருவது குறைந்தது. ஐரோப்பாவின் குழந்தைக் குடல்நோய் மருத்துவர்களும் சில வகைகளைத் தரலாம் என்றே சொல்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் நான் தடுப்பதில்லை. ஓ.ஆர்.எஸ். வாங்காமல் புரோபயாடிக்கை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்களைத்தான் நிறுத்துகிறேன்.

எங்கே தைரியமாகக் கொடுக்கலாம் என்றால், ஆன்டிபயாடிக் சாப்பிடும் பிள்ளைக்கு. 33 ஆய்வுகளில் 6,000-த்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு, ஆன்டிபயாடிக்கால் வருகிற பேதி நூற்றுக்கு 19-லிருந்து 8-ஆகக் குறைகிறது என்றது. கொடுக்கும்போது இரண்டு மருந்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுவேன். ஈஸ்ட் என்றால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. இன்னொரு இடம், தாய்ப்பால் மட்டும் குடிக்கிற, சாயங்காலமானால் விடாமல் அழுகிற கைக்குழந்தை. லாக்டோபேசிலஸ் ரியூட்டரியின் டிஎஸ்எம் 17938 வகைச் சொட்டு அந்த அழுகையைக் குறைக்கிறது. புட்டிப்பால் குழந்தைக்கு அதே பலன் நிரூபணமாகவில்லை. சொட்டு கொடுக்காவிட்டாலும் மூன்று, நாலு மாதத்தில் அந்த அழுகை தானே போய்விடும். இதையும் சொல்லிவிட்டுத்தான் விலையைச் சொல்வேன்.

வகைப் பெயரோடு வரும் அந்த எண் எதற்கு என்று பார்க்கிறீர்களா? ஒரு வகை செய்வதை இன்னொரு வகை செய்யாது, அதனால். ஒடிசா கிராமங்களில் 4,556 பிறந்த குழந்தைகளுக்கு லாக்டோபேசிலஸ் பிளான்டாரத்தின் ஒரு குறிப்பிட்ட வகையை ஏழு நாள் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவுவதும் சாவும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாக இறங்கியது, 2017-இல் நேச்சர் இதழில் வந்தது. இதைப் படித்த ஒரு தகப்பன் பிறந்த பிள்ளைக்கு ஏதோ ஒரு பவுடர் பாக்கெட்டைக் கேட்டு வந்தார். அந்த வகை என் அலமாரியில் இல்லை, இருக்கிறது வேறு என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு நாமாக எதையும் கொடுக்கவே கூடாது. 2023-இல் ஒரு குறைமாதக் குழந்தை இறந்த பிறகு அமெரிக்க மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. உயிருள்ள கிருமி, பலவீனமான உடம்பில் ரத்தத்துக்குள் போய்விடக்கூடும்.

உயிருள்ளது என்பதால் வெயிலும் ஒரு விஷயம். கத்திரியில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். லாக்டோபேசிலஸ் பாக்கெட்டை அட்டையில் போட்ட வெப்பத்தில்தான் வைக்க வேண்டும். பல பிராண்டுகளுக்கு ஃப்ரிட்ஜ். கரண்ட் போகும் நாட்களில் அதை முதலில் பார்ப்பேன். விதைமணி வகை சூட்டைத் தாங்கும். வீட்டில் கொதிக்கிற பாலில் கலக்கிக் கொடுத்தால் லாக்டோபேசிலஸானாலும் ஈஸ்டானாலும் காசு போச்சு, வெதுவெதுப்புக்குக் கீழே இருக்க வேண்டும்.

இன்னும் ஒரு கூட்டம், முதலில் தொக்கம் (வயிற்றில் சிக்கிக்கொண்டதாக நம்பும் சாப்பாடு) எடுக்கிற இடத்துக்குப் போய்விட்டு, அங்கே தீராமல் கடைக்கு வருகிறவர்கள். ஆயாக்களுக்கு அதில் நம்பிக்கை அதிகம். உரைமருந்தையும் விடமாட்டார்கள், ஆறு மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்கும் கடுக்காய், மாசிக்காய், வசம்பு உரசி ஊட்டுவார்கள். நான் அவர்களோடு வாதம் செய்வதில்லை. "ஆயா, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?" என்றுதான் கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது அவர்களுக்கே பயம் வந்துவிடும், அதற்கப்புறம் சொன்னதைக் கேட்பார்கள். 2017-இலிருந்து தமிழ்நாட்டில் ஆறு, பத்து, பதினாலாவது வாரத்தில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதற்குப் பிள்ளையைத் தூக்கிப் போனீர்களா என்றும் கேட்டுவிடுவேன்.

2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்கள் அட்டையில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று சொன்னது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடிக் கிடைத்தது அது. டெட்ரா பேக்கில் பழச்சுவையோடு வந்த அந்த வகைப் பானங்களைப் பேதியான பிள்ளைக்குக் கொடுத்தால் அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். எங்கள் ஊரில் அதைப் "பழ ஓ.ஆர்.எஸ்." என்று கேட்டுப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் சரியான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கொடுத்து, சுவை பிடிக்காவிட்டால் குளிரவைத்துக் கொடுங்கள் என்கிறேன்.

போகும்போது கடைசியாக ஒன்று சொல்லி அனுப்புவேன், ரசீதின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுப்பேன். மலத்தில் ரத்தம் தெரிந்தால், கண் உள்ளே போய்விட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டதும் பழைய நிலைக்குத் திரும்ப நேரமெடுத்தால், பிள்ளை குடிக்க மாட்டாமல் தூங்கிக்கொண்டே இருந்தால், என் கடைக்கு வர வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேரே விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், பிள்ளை விழித்துக் குடிக்கிற மாதிரி இருந்தால் வண்டியிலும் ஸ்பூனில் ஓ.ஆர்.எஸ். ஊட்டிக்கொண்டே போங்கள்.